கதவைச் சாத்த ஓர் அறை
தேன்நிலவுக்கு இடம் தேடும் தீவகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஊர்காவற்றுறை

அன்பான பிள்ளைகளே,

வருகிற ஆவணியிலோ தையிலோ தாலி கட்டப்போகும் தீவகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்கும், ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ் என்று போய்க் கலியாணத்துக்கு மட்டும் திரும்பி வருபவர்களுக்கும்தான். உங்களில் பாதிப் பேருக்கு நான் ஏதோ ஒரு வழியில் மாமி. மற்றப் பாதியை விசாரித்தால் அதுவும் சொந்தத்தில்தான் போய் முடியும். எங்கள் தீவுகள் அவ்வளவு சின்னவை.

மாமி வயதில் ஒருத்தி இந்த விஷயத்தில் வாய் திறப்பதா என்று வெட்கப்பட வேண்டாம். மண்டபத்துக்கு மூன்று இடம் பார்க்கிறீர்கள். கூறைச்சேலைக்கு யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை என்று அலைகிறீர்கள். வீடியோக்காரரோடு மணிக்கணக்கில் பேரம் பேசுகிறீர்கள். அறையை மட்டும், இரவு பன்னிரண்டு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி, தொலைபேசியில் நீலம் கூடின ஒரு படத்தைப் பார்த்து எடுத்துவிடுகிறீர்கள். பிறகு முறைப்பாடு என்னிடம் வருகிறது.

என் பெறாமகள் ஒருத்தி கனடாவிலிருந்து வந்து ஓர் ஆவணியில் கலியாணம் முடித்தாள். தேன்நிலவுக்கு இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஒரு விடுதி. பெயர் வேண்டாம். படத்தில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. போய்ப் பார்த்தால் மணலில் சிவப்புக் கொடி. ஐந்து நாளும் அது இறங்கவேயில்லை. கட்டில் என்று இருந்தது இரண்டு ஒற்றைக் கட்டில்களைத் தள்ளி ஒட்டி மேலே ஒரு விரிப்புப் போட்டது, நடுவில் வாய்க்கால். பால்கனிக்கு நேர் கீழே குசினியின் பின்வாசல். நாலாம் நாள் எனக்கு எடுத்தாள்: "பெரியம்மா, நாங்கள் ஊருக்கே வந்திடட்டோ?"

அந்த விடுதி பொய் சொல்லவில்லை. படம் மாசியில் எடுத்ததாக இருக்கும். இவள் போனது ஆவணியில்.

தீவில் பிறந்த பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். எங்கள் கடற்றொழிலாளரைக் கேளுங்கள். சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் சொல்லித்தான் பேச்சையே தொடங்குவார்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் சோளகம், தென்மேற்கிலிருந்து அடிப்பது. அந்த மாதங்களில் இலங்கையின் தெற்கும் மேற்கும் அலையை நெஞ்சில் வாங்குகின்றன. பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அதே நாளில் திருகோணமலைப் பக்கம் உப்புவெளியும் நிலாவெளியும், மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாவும் குளம்போலக் கிடக்கும். பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்புக்கு ஏறாது. ஐப்பசியில் வாடை தொடங்கி மழை வந்ததும் கணக்குத் தலைகீழாகும். கிழக்கு கலங்கும், மார்கழி கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும் தெற்கு அமைதியாகும்.

நாங்கள் ஆடியில் கலியாணம் வைப்பதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை முடியமுன் ஆவணியில் ஒரு முகூர்த்தம், தவறினால் தையில் ஒன்று என்று குடும்பங்கள் ஏறக்குறைய முடிவாகவே வைத்திருக்கின்றன. அப்படியானால் கணக்கு இலகு. ஆவணிக் கலியாணத்துக்குக் கிழக்கு, தைக் கலியாணத்துக்குத் தெற்கு. இதை உங்கள் கலியாணக் கார்ட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் கடந்து போவதென்றாலும் இதே புத்திதான். மாலைதீவுக்காரரும் எங்களைப் போலக் காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள். மார்கழி முதல் சித்திரை வரை அவர்களுக்கு இருவை, வறண்ட காலம். வைகாசியிலிருந்து கார்த்திகை வரை ஹுல்ஹங்கு, மழையும் காற்றும். தைத் தம்பதிக்கு மாலைதீவு சரி; ஆவணித் தம்பதிக்கு விலை குறைவாகக் கிடைக்கும், ஏன் குறைவு என்று இப்போது உங்களுக்குத் தெரியும். தாய்லாந்தின் புக்கெற்றும் ஆவணியில் நனையும். பாலித் தீவு ஆவணியில் காயும், தையில் நனையும். மொரிசியசில் தையும் மாசியும் சூறாவளி நடமாடும் மாதங்கள்.

ஊரைத் தெரிவு செய்த பிறகு அறையின் முகத்தைப் பாருங்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் உள்ள கடலில் வள்ளங்கள் ஏன் ஆடாமல் நிற்கின்றன? இரண்டு பக்கமும் தரை மறைக்கிறது. விடுதித் தீவிலும் காற்று அடிக்கிற பக்கம் ஒன்று, மறைவான பக்கம் ஒன்று இருக்கும். தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கிற அறைகளைப் பார்த்து எல்லோரும் மயங்குகிறீர்கள். ஹுல்ஹங்கு காலத்தில் மேற்குப் பார்த்த அறையை எடுத்தால், சூரியன் மறைவதைப் பத்து நிமிடம் பார்ப்பீர்கள்; மிச்ச இரவெல்லாம் தரைப்பலகைக்குக் கீழே அலை அறைந்துகொண்டிருக்கும். பல இடங்களில் அந்தப் பக்கத்துக்குத்தான் விலையும் கூட. "இந்த மாதத்தில் எந்தப் பக்கம் காற்று?" என்று ஒரு கேள்வி கேட்டு எழுதுங்கள். ஒழுங்கான விடுதியென்றால் ஒழுங்கான பதில் வரும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் துறையில் நின்றால் நடுக்கடலில் கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது. ஒல்லாந்தர் அதற்கு ஹமன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். பன்றித்தொடையின் குதி என்று அர்த்தமாம். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடையாகத்தான் தெரிந்திருக்கிறது. 1658இல் அதைப் பிடிக்க வந்த ஒல்லாந்தர் இரண்டு கிழமை பீரங்கியால் அடித்தார்கள். மதிலைவிட முதலில் தோற்றது தண்ணீர்த் தொட்டி. அது உடைந்ததும் குடிக்க வழியில்லாமல் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். கோட்டைக்கே அந்தக் கதியென்றால் விடுதிக்குச் சொல்ல வேண்டுமா?

உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது என்பது தீவகத்துப் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டப்பட்ட அறிவு. பவுசர் வருகிற சத்தத்துக்கு வாளியோடு ஓடி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் மணப்பெண்ணின் தலையில் கலியாணத்தன்று எத்தனை கிளிப்பு, எத்தனை தடவை ஸ்பிறே? அந்தக் கொண்டையை அவிழ்த்து உவர்த் தண்ணீரில் முழுகிப் பாருங்கள், தலை தும்புத்தடியாகிவிடும். குளிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நல்ல தண்ணீரா, சுடுதண்ணீர் நாள் முழுக்க வருமா என்று கேட்பதில் வெட்கமில்லை. மாலைதீவின் பெரிய விடுதிகள் கடல்நீரைத் தாங்களே நன்னீராக்கிக் கொள்கின்றன. சின்ன இடங்களில்தான் கேட்டறிய வேண்டும்.

தண்ணீரோடு மின்சாரத்தையும் கேளுங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் கடலுக்கு அப்பால் இருப்பதால் காலகாலமாக டீசல் ஜெனரேற்றரில் வாழ்ந்தவை. அங்கே சூரியனையும் காற்றையும் சேர்த்து மின்சாரம் எடுக்க இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. உலகத்தில் எந்தச் சின்னத் தீவுக்குப் போனாலும் எங்கோ ஒரு ஜெனரேற்றர் இருக்கும். உங்கள் தலைமாட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அறைக்குள் வருவோம். இங்கே நான் என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் காலத்தில் தேன்நிலவு என்பது கதைப்புத்தகத்தில் வாசித்த சொல். நாலாம் சடங்கு முடிந்ததும் நயினாதீவு நாகபூஷணி அம்மனிடம் போக வேண்டும் என்றார் மாமியார். சரி, நாங்கள் இரண்டு பேரும் போய்வருவோம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். குறிகட்டுவான் துறையில் லோஞ்சில் ஏறும்போது எண்ணினேன், பதினான்கு பேர். அன்றிரவு மடத்தில் தங்கினோம். பெண்கள் ஒரு பக்கம் பாய் போட்டார்கள், ஆண்கள் மறுபக்கம். கலியாணமாகி ஆறாம் நாள், எனக்கும் அவருக்கும் நடுவில் பன்னிரண்டு பேர் படுத்திருந்தார்கள். அவருடைய இருமல் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. அது வேண்டுமென்று இருமினது என்று பிற்பாடுதான் சொன்னார்.

அதனால்தான் உங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இது புனித யாத்திரையும் இல்லை, குடும்பச் சுற்றுலாவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து சித்தப்பா வந்திருக்கிறார், ஒரே வானில் எல்லோரும் போகலாம், பக்கத்துப் பக்கத்து அறை கிடைக்குமாம் என்று யாராவது தொடங்கினால், "மாமி வேண்டாம் என்று சொன்னவ" என்று என் தலையில் பழியைப் போடுங்கள்.

அறையை எடுக்கும்போது இரட்டைக் கட்டிலா, ஒட்டிவைத்த ஒற்றைக் கட்டில்களா என்று எழுத்தில் கேளுங்கள். பால்கனி உங்களுடையது மட்டுமா, பக்கத்து அறைக்காரர் கை நீட்டித் தேத்தண்ணீர் வாங்கக்கூடிய தூரமா? கடல் தெரியும் அறை என்றால் கட்டிலில் இருந்து தெரியுமா, கழுத்தை வளைத்தால் தெரியுமா? கீழ்த்தளம் என்றால் கடற்கரையில் நடப்பவர்கள் எல்லோரும் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். திரைச்சீலையை நாள் முழுக்க இழுத்துவிட்டிருக்க வேண்டுமென்றால் கடல் அறைக்குக் காசு கொடுத்த பயன் என்ன? கலியாண மண்டபம் உள்ள விடுதியென்றால் இன்னொருவருடைய றிசப்ஷன் பாட்டு நடுச்சாமம்வரை உங்கள் காதில் விழும். இப்போது சில விடுதிகளில் குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர் வைக்கிறார்கள். முன்பின் நெருங்கிப் பழகாமல் பேசி முடித்த கலியாணங்களும் எங்களுக்குள் உண்டு. ஒருவரையொருவர் அறிய நாலு நாள் வேண்டிய பிள்ளைகளுக்குச் சுவர் சுவராகவே இருக்கட்டும்.

காகிதத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அவனுக்கு அவன் தகப்பன் பெயர், அவளுக்கு அவள் தகப்பன் பெயர். புதுக் கடவுச்சீட்டு எடுக்கும்வரை இரண்டு பேரும் அந்நியர் மாதிரித்தான் தெரிவீர்கள். புதுமணத் தம்பதிக்கு என்று சலுகை கொடுக்கும் விடுதிகள் பல, கலியாணப் பதிவுச் சான்றிதழைக் கேட்கும். எழுத்து எழுதிய கையோடு ஆங்கிலப் பிரதி ஒன்றை எடுத்துப் பையில் வையுங்கள். ஊரிலுள்ள சின்ன விடுதிகளில் அடையாள அட்டையும் கேட்பார்கள். குறை நினைக்க வேண்டாம்.

காசு விஷயத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி கண்டால் அது முழு விலையில்லை. இலங்கையில் பெரிய விடுதிகளில் சேவைக் கட்டணம் 10 சதவீதமும் பெறுமதிசேர் வரி 18 சதவீதமும் மேலே ஏறும். மாலைதீவில் உல்லாசப் பயண வரி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். அதற்குமேல் பசுமை வரி, பெரிய விடுதியென்றால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டொலர். இரண்டு பேர், ஐந்து இரவு, 120 டொலர். அறைக்குப் போய்ச் சேரும் செலவு வேறு. கடல் விமானம் பகலில் மட்டும் பறக்கும். உங்கள் விமானம் பின்னேரம் பிந்தி இறங்கினால் முதல் இரவு மாலேயில்தான், அதுவும் உங்கள் கைக்காசில். அங்கே பெரிய விடுதிகள் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒன்று என்பதால் எட்டி நடந்து ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் போக முடியாது. சாப்பாட்டோடு சேர்ந்த விலையா, காலைச் சாப்பாடு மட்டுமா என்று பாருங்கள். இலங்கையில் பல விடுதிகளில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ஒரு விலை. மாப்பிள்ளை வேலணை, பொம்பிளை கனடா என்றால் எந்த விலை என்பதைப் போகமுன்னரே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். வரவேற்பறையில் நின்று பேசினால் முதல் சண்டை அங்கேயே தொடங்கும்.

இவ்வளவு காசு எங்களிடம் இல்லை மாமி என்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களை மறக்கவில்லை. தைக் கலியாணமென்றால் மழை ஓய்ந்து சோளகம் தொடங்கமுன் எங்கள் கடலும் நல்ல கடல்தான். யாழ்ப்பாணப் பட்டினத்தில் மனதுக்குப் பிடித்த ஓர் அறையை எடுத்துக்கொண்டு, பகலில் தீவுகளைப் பாருங்கள். இங்கிருந்து மிதவைப் பாதையில் ஏறினால் காரைநகர், அப்பால் கசூரினாக் கடற்கரை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு ஒரு மணித்தியாலப் பயணம். அந்தப் படகில் சில பெரியவர்கள் பேச்சில்லாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் கேட்காதீர்கள். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் நடந்த படுகொலையை அவர்கள் மறக்கவில்லை. இறங்கினால் பவளக்கல் அடுக்கிய வேலிகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு, தன்பாட்டில் திரியும் குதிரைகள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள். அங்கேயே தங்குவதென்றால் சின்னச் சின்னத் தங்குமிடங்கள் இருக்கின்றன. காற்று, தண்ணீர், ஜெனரேற்றர் மூன்றையும் மறவாமல் கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஊர்காவற்றுறையில் தங்கலாமா என்று கேட்பீர்கள். நான் சொன்ன அதே கோட்டையில் இப்போது கடற்படை விடுதி நடத்துகிறது. நாலு பக்கமும் கடல், படகில்தான் போக வேண்டும், படத்துக்கு அருமையான இடம். 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட பிள்ளைகளை அடைத்து வைத்த சிறையும் அதுதான். உங்கள் வயதுப் பிள்ளைகள். அங்கே போய் நில்லுங்கள், தங்குங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் ஒரு கதவைப் பார்க்கும்போது அதன் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று ஒரு கணம் நினையுங்கள்.

எங்களுக்குக் கதவு என்றால் சும்மா பலகையில்லை, பிள்ளைகளே. 1990இல் போரில் இந்தத் தீவை விட்டு ஓடினோம். பல வருடம் கழித்து வந்து பார்த்தபோது என் சீதனவீட்டில் சுவர் இருந்தது. கூரை இல்லை, கதவு இல்லை, நிலைகூட இல்லை. கலியாணமான புதிதில் நாங்கள் இருந்த அறை மழைக்கும் ஆட்டுக்கும் திறந்து கிடந்தது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் போகிற வழியில் அப்படி நிற்கிற வீடுகளை நீங்களும் காரில் இருந்தபடி படம் எடுத்திருப்பீர்கள். அவற்றில் ஏதோ ஒன்று உங்கள் அம்மம்மாவுடையது.

திரும்பி வந்து முதலில் செய்வித்தது அந்த அறைக்கு ஒரு கதவு. கூரை இன்னும் தகரம்தான். தச்சன் எந்தப் பக்கம் தாழ்ப்பாள் வைக்க என்று கேட்டபோது, இதென்ன கேள்வி என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மடத்தில் பன்னிரண்டு பேருக்கு அப்பால் படுத்திருந்தவள், அகதியாகப் பள்ளிக்கூட மண்டபத்தில் சேலையைக் கட்டி மறைத்து உறங்கியவள், உட்பக்கம் என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.

ஆகையால் அறையைத் தெரிவு செய்யும்போது மாமி சொன்ன கணக்கையெல்லாம் பாருங்கள். காற்றும் தண்ணீரும் கட்டிலும் சரியாக இருந்தால், முறைப்பாடு சொல்வதற்காகக் கதவைத் திறந்து வரவேண்டிய தேவை உங்களுக்கு வராது. கடல் எந்த நீலம், குளியல்தொட்டியில் பூப் போடுகிறார்களா, துவாயை அன்னமாக மடித்து வைக்கிறார்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

என் பெறாமகள் ஐந்தாம் நாள் இங்கேதான் வந்தாள், மாப்பிள்ளையோடு. தகரக் கூரைக்குக் கீழே அந்த அறையைக் கொடுத்தேன். ஏசி இல்லை. குளிப்பதற்குப் பவுசர் தண்ணீரை என் வீட்டுக்காரர் அண்டாவில் நிரப்பி வைத்தார். விடிய எட்டு மணி தாண்டியும் கதவு திறக்கவில்லை. தேத்தண்ணீர் ஆறுது, தட்டட்டோ என்று அவர் இரண்டு தரம் கேட்டார். பேசாமல் இருங்கோ என்று சொல்லிவிட்டு, ஆறின தேத்தண்ணீரை நானே குடித்தேன்.

நீங்களும் போய்வாருங்கள். படம் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
ஊர்காவற்றுறை மாமி